‘சாப்பிட்டாச்சு’ என்றொரு பொய்

2009 பிப்ரவரியில் நடந்த ஐ.பி.எல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 15.5 லட்சம் டாலரைக் கொட்டி ஓர் இங்கிலாந்துக்காரரை எடுத்தது. கெவின் பீட்டர்சனும் அதே விலைக்குப் போனார்; அதுவரை ஐ.பி.எல்-லில் யாருக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. சென்னை எடுத்தது ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபை. ஆறடி நாலங்குல உயரம். 2005 ஆஷஸ் தொடரில் மட்டையாலும் பந்தாலும் ஆஸ்திரேலியாவை வதைத்தவர். அந்த வருடம் தேர்தல் காரணமாக ஆட்டங்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டன. மூன்றே ஆட்டம் ஆடிவிட்டு முழங்கால் காயத்தோடு அவரும் ஊர் திரும்பிவிட்டார். சேப்பாக்கம் அவரை மஞ்சள் சட்டையில் பார்க்கவே இல்லை.

அந்த ஆறடி நாலங்குல மனிதருக்குப் புலிமியா இருந்தது. சாப்பிடுவார், பிறகு தானே வாந்தி எடுத்துவிடுவார். 2020 செப்டம்பரில் பி.பி.சி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் அவரே இதை விரிவாகச் சொன்னார். தன்னை ‘குண்டு கிரிக்கெட்டர்’ என்று எழுதவும் பேசவும் ஆரம்பித்தபோதுதான் இது தொடங்கியது என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நோயோடு வாழ்ந்தும் அதுவரை ஒரு மருத்துவரிடம்கூடப் போனதில்லை என்பதுதான் அந்தப் படத்தில் அதிகம் உறுத்தும் விஷயம். உலகத்தரமான பிசியோக்களும் டாக்டர்களும் சுற்றி நிற்கும் வேலையில் இருந்தவர் அவர்.

இந்தக் கட்டுரையை ஃபிளின்டாஃபிடமிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. ‘ஈட்டிங் டிஸார்டர்’ என்றதும் நம் மனதில் வருகிற ஆள் வேறு: எலும்பும் தோலுமாக, பணக்கார வீட்டில், ஆங்கிலம் பேசிக்கொண்டு, கண்ணாடி முன் நிற்கும் ஒரு பதினாறு வயதுப் பெண். “அதெல்லாம் ஃபாரின்காரங்க வியாதிங்க, நம்ம வீட்ல பசிச்சா சாப்பிடுவோம்” என்று கையை உதறிவிடுகிறோம். அந்தப் படத்துக்குள் அடங்காத ஆயிரம் பேர் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள்.

இன்னொருவர் இளவரசி டயானா. 1995 நவம்பரில் பி.பி.சி பனோரமா நிகழ்ச்சியில் தனக்கிருந்த புலிமியாவைப் பற்றிப் பேசினார். அது ரகசிய நோய் என்றார். எடை அப்படியே இருப்பதால் கடைசிவரை நடிக்க முடியும், கண்ணுக்குத் தெரிகிற சாட்சியம் கிடையாது என்று அவர் சொன்னதில் மருத்துவப் பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயமே இருக்கிறது. இந்தி நடிகை ரிச்சா சட்டாவும் தனக்குப் புலிமியா இருந்ததைப் பொதுமேடையில் சொல்லியிருக்கிறார். மூவருமே புகைப்படத்தில் ஆரோக்கியமாகத் தெரிந்தவர்கள்.

நோய்க்குப் பல முகங்கள். உணவை ஒடுக்கி ஒடுக்கி உடல் வற்றிய பிறகும் ‘இன்னும் குறைக்கணும்’ என்று நினைப்பது அனொரெக்ஸியா. கட்டுப்பாடு இழந்து ஏராளமாகச் சாப்பிட்டுவிட்டு, வாந்தியாலோ பேதி மருந்தாலோ வெறித்தனமான உடற்பயிற்சியாலோ அதை ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. இந்த இரண்டாவதற்கு 1979-ல் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல், 30 நோயாளிகளைக் கவனித்து எழுதிய கட்டுரையில்தான் பெயர் வைத்தார். சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு, ஈடுகட்ட எதுவும் செய்யாமல் வெட்கத்தில் மூழ்கிக் கிடப்பது பிஞ்ச் ஈட்டிங். 2013-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது. அதே கையேட்டில், அனொரெக்ஸியா என்று சொல்ல மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் தூக்கினார்கள். ஆண்களுக்கும் வருகிற நோய்க்கு அப்படியொரு நிபந்தனை எப்படி அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பது ஆச்சரியம்தான். இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689-லேயே இப்படி உண்ணாமல் வற்றிப்போன இருவரைப் பற்றி எழுதினார். அதில் ஒருவன் பையன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். யார் எத்தனை கிலோவுக்கு இறங்கினார், எத்தனை கலோரி சாப்பிட்டார் என்ற எண்கள் இந்தக் கட்டுரையில் இல்லை. நோயில் இருப்பவர் அந்த எண்களைப் போட்டியாக எடுத்துக்கொள்வார் என்பதால், இந்தத் துறை மருத்துவர்கள் பத்திரிகைகளிடம் வைக்கும் வேண்டுகோள் அது.

பட்டினி செய்யும் வேலை

“கொழுப்பு”, “திமிரு”, “சீன் போடுது”. சாப்பிடாத பிள்ளையைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் வார்த்தைகள் இவை. இவற்றுக்கு அறிவியல் தந்த சரியான பதில், இந்த நோய் இல்லாதவர்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையிலிருந்து வந்தது.

1944 நவம்பர். ஐரோப்பாவில் போரும் பஞ்சமும். பட்டினியால் வாடிய மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ள, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் துப்பாக்கி ஏந்த மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுகளுக்குக் கீழே தங்கவைத்தார்கள். முதல் மூன்று மாதம் சரியான சாப்பாடு. அடுத்த ஆறு மாதம் ஏறத்தாழ அதில் பாதி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. கூடவே வாரம் 22 மைல் நடை.

அந்த ஆறு மாதத்தில் நடந்ததை எந்த ஈட்டிங் டிஸார்டர் வார்டிலும் பார்க்கலாம். அவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். சமைக்கவே தெரியாதவர்கள் செய்முறைகளை மனப்பாடம் செய்தார்கள். ஒரு தட்டு உணவைத் துண்டு துண்டாக்கி, தண்ணீர் கலந்து, மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். சூயிங் கம் பாக்கெட் பாக்கெட்டாகத் தீர்ந்தது. கலகலப்பானவர்கள் ஒதுங்கிப்போனார்கள், எரிந்து விழுந்தார்கள். வெயிலிலும் குளிர்ந்தது. சிலர் கட்டுப்பாட்டை மீறி வெளியே போய் அடங்காமல் தின்றுவிட்டு, குற்றவுணர்ச்சியில் அழுதார்கள். ஒருவர் கோடரியால் தன் விரல்களை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்றே செய்தாரா, தவறி நடந்ததா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சோதனை முடிந்து நிறையச் சாப்பிடக் கிடைத்த பிறகும் மாதக்கணக்கில் பலருக்கு வயிறு நிறைந்த உணர்வு வரவில்லை. 1950-ல் இதைக் கீஸும் அவரது குழுவினரும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

அதாவது, நோயின் குணம் என்று நாம் நினைக்கிற பலவும் பட்டினி மூளைக்குச் செய்கிற வேலை. வீட்டில் எல்லோருக்கும் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் ஒரு துண்டுகூடத் தொடாத பெண்ணை, ரீல்ஸில் விடிய விடிய பிரியாணி வீடியோ பார்க்கும் பையனை, தோசையை நகக்கண் அளவு பிய்த்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை இப்போது வேறு மாதிரி பார்க்க முடியும். “முதல்ல மனசைச் சரிபண்ணுங்க டாக்டர், அப்புறம் தானா சாப்பிடுவா” என்கிறார்கள் பெற்றோர். பல நேரம் வரிசை தலைகீழ். பட்டினி கிடக்கும் மூளையோடு பேசிப் பயனில்லை. முதல் மருந்து சோறுதான்.

அடங்காமல் சாப்பிடுவதற்கும் பாதி விளக்கம் இங்கேயே இருக்கிறது. காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், மத்தியானம் வெள்ளரிக்காய் என்று நாளெல்லாம் வயிற்றை இறுக்கிப் பிடித்தவர், ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படியில் நின்றபடி மிச்சச் சோறு, மிக்சர் டப்பா, ஃபிரிட்ஜில் இருக்கிற எல்லாவற்றையும் ருசி தெரியாமல் அள்ளிப் போட்டுக்கொள்கிறார். விடிந்ததும் தண்டனையாக இன்னும் கடுமையான பட்டினி. அன்றைய ராத்திரி இன்னும் மோசம். “நாக்கை அடக்கத் தெரியல” என்று வீடும், “டயட் இருங்க” என்று மருத்துவமனையும் சொல்கின்றன. ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது: மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுண்டி, எந்த வேளையையும் தவறவிடக் கூடாது. இரவை அடக்க, பகலில் சாப்பிட வேண்டும்.

தவறான கதவுகள்

இது நம் ஊரில் இருக்கிறதா? 1998-ல் சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் டி.என்.சீனிவாசன், டி.ஆர்.சுரேஷ், வசந்தா ஜெயராம் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 210 மருத்துவ மாணவர்களைக் கேட்டதில், 31 பேருக்கு உணவும் உடம்பும் பற்றிய தொல்லை, முழு நோய்க்குக் கொஞ்சம் கீழே என்ற அளவில் இருந்தது. இன்ஸ்டாகிராம் பிறக்காத காலம். நாளைக்கு டாக்டராகப் போகிறவர்கள்.

அதற்கு முன்பே, 1995-ல், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம் பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, எடை இழப்பு, வாந்தி, நின்றுபோன மாதவிடாய் எல்லாம் இருந்தன. ‘குண்டாகிவிடுவேன்’ என்ற பயம் மட்டும் மேலைநாட்டு நோயாளிகளைப் போல வெளிப்படவில்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவரும் இதையே கண்டார். வேலூர் சி.எம்.சி-யில் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டபோது, உணவுக் கோளாறுகளில் அங்கே முதலிடத்தில் நின்றது மனம் காரணமான வாந்தி. மேலைநாட்டு வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்து “குண்டாகப் பயமா?” என்று கேட்டால் நம் பிள்ளை “இல்லை” என்றுதான் சொல்லும். அது சொல்வது வேறு: “வயிறு உப்புசமா இருக்கு.” “சாப்பிட்டா நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது.” “பசிக்கவே இல்லம்மா.”

அதனால் வீடு தட்டுகிற முதல் கதவு குடல் மருத்துவருடையது. ஸ்கேன், எண்டோஸ்கோபி, பசி டானிக். எல்லாம் நார்மல். மாதவிடாய் நின்றதற்கு மகப்பேறு மருத்துவர். அவர் மாத்திரை எழுதுகிறார், மாத்திரை போட்டதும் தீட்டு வருகிறது, பிரச்சினை தீர்ந்ததாக எல்லோரும் நம்புகிறார்கள். இடையில் குலதெய்வம் கோவில், தர்காவில் ஒரு கயிறு. முடி கொட்டுவதற்கு எண்ணெய். பல் எனாமல் அரிப்பதைப் பல் டாக்டர் கவனித்திருப்பார், கேட்கத் தயங்கியிருப்பார். மனநல மருத்துவர் கடைசிக் கதவு, அதுவும் தெரு முனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு. இந்த அலைச்சலில் கழிகிற மாதங்களுக்கு விலை உண்டு. 1987-ல் ரஸ்ஸல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை நன்றாகப் பலித்தது 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களிடம்.

நம் வீடுகளில் நோய் ஒளிந்துகொள்ள வசதியான இடங்களும் இருக்கின்றன. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி என்று ஒரு பெண் விரதங்களைக் கூட்டிக்கொண்டே போனால் வீடு பெருமைப்படும். விரதம் நோயைத் தருவதில்லை. விரதம் முடிந்ததும் இலை முன் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிடுகிறவரைப் பற்றிக் கவலை வேண்டாம். முடித்து வைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு காரணம் சொல்லித் தள்ளுகிறவரைத்தான் கவனிக்க வேண்டும். ஹாஸ்டலில் இருந்து போனில் “சாப்பிட்டாச்சும்மா” என்றால் அடுத்த கேள்வி கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் கிளம்பியதும் வரும் “பொண்ணு கொஞ்சம் பூசின மாதிரி இருக்கு”, ஜிம் பையன்களிடம் ‘கட்டிங்’ என்ற பெயரில் நடக்கும் பட்டினி எல்லாம் இதே கணக்கில்தான். என்னைக் கேட்டால் நம் சமூகத்தில் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது இலவசப் பொழுதுபோக்கு, அதற்கு வரி போட்டால் பற்றாக்குறை பட்ஜெட்டே இருக்காது.

டிவியா, மரபணுவா?

பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் நட்ரோகா பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. உருண்டு திரண்ட உடம்பைக் கொண்டாடிய சமூகம் அது. விருந்தாளி நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்துவதில் நமக்கு உறவுக்காரர்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர், டிவி வந்த புதிதிலும் மூன்று ஆண்டு கழித்தும் அங்கே பள்ளி மாணவிகளைக் கேட்டார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாக 1995-ல் ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-ல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். 2021-ல் கசிந்த ஃபேஸ்புக் நிறுவன ஆவணங்களிலும், தம் உடம்பைப் பற்றி மோசமாக உணர்ந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொன்னது இருந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் போன் மீது போட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனம். 1689-ல் மார்ட்டன் பார்த்த நோயாளிகள் கையில் போன் இல்லை. 2019-ல் கிட்டத்தட்ட 17,000 அனொரெக்ஸியா நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு, மரபணுத் தொகுதியில் எட்டு இடங்களை அடையாளம் காட்டியது. அவற்றுக்கு மனநலத்தோடு மட்டுமல்லாமல் உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்பு தெரிந்தது. ஒரே வகுப்பில் நாற்பது பேர் டயட் தொடங்கினால், முப்பத்தொன்பது பேர் பொங்கலுக்குள் விட்டுவிடுவார்கள். ஒருவரால் விட முடியாமல் போவதில் பிறவியிலேயே வந்த பங்கும் இருக்கிறது. அது அவர் குற்றமில்லை. அம்மாவின் குற்றமும் இல்லை.

அம்மாவின் குற்றம் என்று மருத்துவமே நூறு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. லண்டனின் வில்லியம் கல்லும் பாரிஸின் சார்ல்ஸ் லசேக்கும் 1873 வாக்கில் தனித்தனியே இந்த நோயை வரையறுத்தார்கள். சொந்தக்காரர்கள்தான் நோயாளியைப் பார்த்துக்கொள்ள மோசமான ஆட்கள் என்பது கல்லின் கருத்து. அதன் பிறகு வந்தவர்களும் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதையே வைத்தியமாகக் கருதினார்கள். 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் கிறிஸ்டோஃபர் டேர், ஐவன் ஐஸ்லர் முதலானோர் அதைத் திருப்பிப் போட்டார்கள். பிள்ளைமேல் இருபத்துநாலு மணி நேரமும் அக்கறை காட்ட யாரால் முடியும்? பெற்றோரால்தான். பதின்வயது அனொரெக்ஸியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்த முறைதான்.

இதன் நடைமுறை நம் வீடுகளுக்கு அந்நியமே இல்லை. முதல் கட்டத்தில் என்ன சாப்பாடு, எவ்வளவு என்பதைப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். பிள்ளையிடம் பேரம் கிடையாது, திட்டும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழாமல் இருப்பது. சாப்பிட்ட பிறகும் ஒரு மணி நேரம் கூடவே இருந்து சீட்டு ஆடுவதோ படம் பார்ப்பதோ. உடம்பு தேறியதும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பித் தருவது இரண்டாம் கட்டம். படிப்பு, நட்பு, வயதுக்குரிய மற்ற விஷயங்கள் மூன்றாவது. மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும் வீட்டில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு: அப்பாவும் அம்மாவும் உறுதியாக இருக்கையில், “விடும்மா பாவம், நாளைக்குச் சாப்பிடட்டும்” என்று பாட்டி சொல்லும் ஒரு வார்த்தை போதும், நோய் அந்தச் சந்தில் நுழைந்துவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவது இந்தச் சிகிச்சையில் பாதி. புலிமியாவுக்கு ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மருந்தும் உதவுகிறது. அனொரெக்ஸியாவுக்கு உணவுக்கு மாற்றான மாத்திரை இன்றுவரை இல்லை.

தேறிவருகிறவரிடம் உறவினர்கள் ஆசையாகச் சொல்லும் “இப்பதான் கன்னம் வந்து நல்லா இருக்கே” என்பது அவர் காதில் ‘குண்டாயிட்டே’ என்றுதான் விழும். உடம்பைப் பற்றிப் பாராட்டும் வேண்டாம். படித்த புத்தகம், பரீட்சை, நாய்க்குட்டி என்று பேச ஆயிரம் இருக்கிறது.

இதயம் நிற்கும் இடம்

இந்த நோய் கொல்லும். மனநோய்களில் மிக அதிக இறப்பு விகிதம் கொண்டவற்றில் அனொரெக்ஸியா ஒன்று. 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். மற்றவர்களில் பலரையும் கொண்டுபோவது இதயம். தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. எடை இயல்பாக இருப்பவருக்கும் இது நடக்கும். அமெரிக்கப் பாடகி காரன் கார்ப்பென்டர் 1983 பிப்ரவரி 4 அன்று இறந்தபோது வயது 32. எடை கூடி, தேறிவருகிறார் என்று நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இதயம் நின்றது. அவர் மரணத்துக்குப் பிறகுதான் அமெரிக்க வீடுகளில் இந்த நோயின் பெயர் புழங்க ஆரம்பித்தது.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு முட்ட ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகள் பலர் இப்படிச் செத்தார்கள். அதனால் மிகவும் மெலிந்துபோனவருக்கு உணவு கூட்டுவது ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவர் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், மிக மெதுவான நாடி இவற்றில் ஒன்று இருந்தாலும் மனநல ஆலோசனைக்குத் தேதி வாங்கிக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இ.சி.ஜி-யும் பொட்டாசியம் பரிசோதனையும் கேட்டுப் பெறுங்கள்.

அவ்வளவு முற்றாத நிலையில், சந்தேகம் மட்டும் இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் விசாரணை வேண்டாம். தனியாக உட்காரும் ஒரு நேரத்தில், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “சாப்பிட்டதும் பாத்ரூம்ல ரொம்ப நேரம் குழாய் ஓடுது, எனக்குக் கவலையா இருக்கு.” முதல் பதில் மறுப்பாகவோ கோபமாகவோதான் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரிடம் தொடங்குவது என்று புரியவில்லை என்றால், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.